படுத்தால் பி.பி 158, நின்றால் 106: அப்பாவின் தன்னியக்க நரம்பு பாதிப்பை வீட்டில் எப்படிக் கையாள்வது?

மின்மினி (கேள்வி)

வணக்கம். அப்பாவுக்கு வயது 63, சர்க்கரை நோய் வந்து 18 வருஷம். நீரிழிவால் வந்த தன்னியக்க நரம்பு பாதிப்பு (பி.பி, இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை போன்று தானாக நடக்கும் வேலைகளைக் கவனிக்கும் நரம்புகள் கெடுவது) என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில் ஆழ்ந்து மூச்சு விடும் சோதனையில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் வெறும் 4.

வீட்டில் எடுத்த பி.பி:

படுத்து 5 நிமிடம் கழித்து: 158/88, நாடி 76
எழுந்து நின்ற 1 நிமிடத்தில்: 118/70, நாடி 79
3 நிமிடத்தில்: 106/64, நாடி 80

மருந்துகள்: சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், இரவில் நீண்ட நேர இன்சுலின், மெட்ஃபார்மின், காலையில் பி.பி-க்கு ஆம்லோடிபின் 5 மி.கி, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி.

என் குழப்பங்கள் மூன்று. ஒரு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் கூட்டச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, ஒரு மணி நேரத்தில் சுகர் 62-க்கு இறங்குகிறது, நள்ளிரவில் 280-க்கு ஏறுகிறது, இறங்கும்போது வியர்வையோ நடுக்கமோ இல்லை, இது ஏன்? கடைசியாக, வெளியே பார்த்தால் நன்றாகத் தெரிகிறவரை "சோம்பல்" என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். அவரைக் கைப்பிள்ளையாக்காமல் எப்படித் துணை நிற்பது?

---

நாடிமானி

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அது நிற்கும்போது அழுத்தம் விழும் நிலை. அப்பாவுக்கு 52 விழுகிறது. அதைவிட முக்கியமானது நாடி. நீர்ச்சத்து குறைந்தோ ரத்தம் குறைந்தோ பி.பி விழுந்தால் இதயம் பதறி வேகமெடுக்கும். இங்கே 52 விழுந்தும் நாடி 4 தான் கூடியிருக்கிறது. நாடி கூடிய அளவை மேல் எண் விழுந்த அளவால் வகுத்து, அது 0.5-க்குக் கீழே வந்தால் கோளாறு நரம்பில் என்று எடுத்துக்கொள்வார்கள், இவருக்கு 0.08. "தண்ணி சரியாக் குடிக்கலை, அதான்" என்று யாராவது முடித்துவிடப் பார்த்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அளக்கும் முறையில் ஒரு தவறு நிறையப் பேர் செய்கிறார்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு பொய்யாகக் கூடும். பட்டை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ இறங்கினாலே ஏறக்குறைய 8 எண் ஏறிக் காட்டும். உண்மையான வீழ்ச்சி மறைந்துபோகும். கையை உயரமான மேசை மீதோ உங்கள் தோள் மீதோ தாங்கலாக வையுங்கள். தானியங்கிக் கருவி ஒரு அளவுக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும் என்பதால், எழுந்த 20, 30 விநாடியிலேயே பொத்தானை அழுத்தினால்தான் 1 நிமிட அளவு கிடைக்கும். கருவி "பிழை" காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அழுத்தம் வேகமாகச் சரியும்போதும் கருவி அப்படித்தான் தடுமாறும். அந்த நேரம் அவரை உட்காரவைத்துவிடுங்கள்.

அடுத்தது மருந்துப் பட்டியல். டாம்சுலோசின், அமிட்ரிப்டிலின் இரண்டும் நிற்கும் பி.பி-யை மேலும் இறக்கக்கூடியவை. அமிட்ரிப்டிலின் வயிற்றையும் மந்தமாக்கும், சிறுநீரையும் தேக்கும். உங்கள் இரண்டாவது கேள்வியிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். காலையில் போடும் ஆம்லோடிபின் 24 மணி நேரமும் வேலை செய்கிறது. அதாவது அவர் அதிகம் நிற்கிற பகல் நேரத்திலும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாம்சுலோசினைச் சட்டென்று நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் "இந்த மூன்றுக்கும் மாற்று உண்டா, நேரத்தை மாற்றலாமா?" என்று எழுதி எடுத்துப்போய்க் கேளுங்கள். புதிதாக ஒரு மருந்து சேர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவே நரம்பைத் தனியாகக் கெடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காலையில் எழும் முறை இப்படி இருக்கட்டும். கண் விழித்ததும் படுக்கையிலேயே தலைப்பக்கம் நிமிர்த்தி 500 மி.லி தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடிப்பது. மடக்கு மடக்காக அரை மணி நேரம் குடித்தால் இந்தப் பலன் வராது. 5, 10 நிமிடத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கி, அரை மணி வாக்கில் உச்சம் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். சிலருக்கு மேல் எண் 30-க்கு மேல்கூட உயரும். வெறும் தண்ணீர்தான், உப்புக் கரைத்தால் இந்த உடனடி ஏற்றம் மட்டுப்படும். பிறகு படுத்தபடியே வயிற்றுப் பட்டி கட்டுவது. பாதத்தை மேலும் கீழும் 20 முறை ஆட்டிவிட்டு, காலைத் தொங்கப்போட்டு 2, 3 நிமிடம் உட்கார்வது. எதையாவது பிடித்தபடி ஒரு நிமிடம் நின்ற பிறகே முதல் அடி. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்தத் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான்.

பட்டியைப் பற்றி: முழங்கால் வரை வரும் இறுக்க உறைகளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். நிற்கும்போது ரத்தம் பெரும்பாலும் தேங்குவது குடலைச் சுற்றிய நாளங்களிலும் தொடையிலும்தான். விலா எலும்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை மூடும் அகலப் பட்டி, 20 முதல் 40 மி.மீ பாதரசம் வரை அழுத்தம் தருவதாக இருந்தால் நல்லது. படுக்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

---

கரையோரம்

உப்புக் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மருத்துவர்களும் இரண்டு வேறு எண்களைப் பார்த்திருக்கிறார்கள். 158-ஐப் பார்த்தவர் குறைக்கச் சொன்னார், 106-ஐப் பார்த்தவர் கூட்டச் சொன்னார். இருவர் முன்னாலும் அந்த மூன்று வரிகளும் ஒன்றாக இருந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

நிற்கும்போது விழும் பி.பி, படுக்கும்போது ஏறும் பி.பி இரண்டும் ஒரே நோயின் இரு பக்கங்கள். நாளங்களை இறுக்கவும் தளர்த்தவும் செய்யும் நரம்பு தன் வேலையைச் செய்யவில்லை. அதனால் அழுத்தம் உடம்பின் நிலைக்கேற்ப அலைகிறது. இரவில் படுத்தபடி அழுத்தம் உயர்ந்திருக்கும்போது சிறுநீரகம் அதை "தண்ணீர் அதிகம்" என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது பல சமயம் இதனால்தான்; பழி மட்டும் புராஸ்டேட் மீது விழும். விடியும்போது உடம்பு வற்றிக் கிடக்கும். அதனால்தான் காலை நேரம் மிக மோசம்.

இதற்குச் செலவே இல்லாத மருந்து ஒன்று உண்டு: கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 23 செ.மீ உயரத்துக்கு உறுதியான கட்டைகள். தலையணை அடுக்கினால் இடுப்பில்தான் மடியும், பயன் கிடைக்காது. முழுக் கட்டிலும் சரிய வேண்டும். ராத்திரி கீழே வழுக்கி வந்துவிட்டால் கால்பக்கம் ஒரு பலகை வையுங்கள். ஒரு வாரம் பொறுத்தால் உடம்பு பழகிவிடும். படுக்கும் அழுத்தமும் குறையும், காலை வீழ்ச்சியும் குறையும். பகலில் படுத்துத் தூங்காமல் சாய்வு நாற்காலியில் ஓய்வெடுப்பது இதன் தொடர்ச்சிதான்.

உப்பைக் கூட்டுவது பொதுவாக நாளொன்றுக்கு மொத்தம் 6 முதல் 10 கிராம் என்ற வரம்பில் சொல்லப்படுவது. ஆனால் 18 வருஷ நீரிழிவு இருப்பவருக்கு கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இதய எக்கோ மூன்றையும் பார்க்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. அவை நன்றாக இருந்தால், 24 மணி நேர சிறுநீரைச் சேகரித்து சோடியம் அளக்கலாம். 170 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடம்பில் உப்பு போதவில்லை என்று பொருள். அப்போது இது இரண்டு மருத்துவர்களின் அபிப்பிராய பேதமாக இருக்காது, எண்ணை வைத்து முடிவெடுக்கிற விஷயமாகிவிடும்.

மருந்து தேவைப்பட்டால், நாளங்களை இறுக்கி நிற்கும் பி.பி-யை உயர்த்தும் மிடோட்ரின் பேச்சு வரும். 2.5 மி.கி-யில் தொடங்கி 10 வரை, பகலில் மூன்று வேளை. கடைசி வேளைக்கும் படுப்பதற்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் படுக்கும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். தலைத்தோல் ஊர்வதும் மயிர்க்கூச்செறிவதும் இந்த மருந்தின் இயல்பு, ஒவ்வாமை என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் இது சிறுநீரைத் தேக்கும். புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைத்து பி.பி-யை உயர்த்தும் ஃப்ளூட்ரோகார்டிசோன் கொடுத்தால் பொட்டாசியம் குறைகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கும் அழுத்தம் ஏற்கெனவே 158 இருப்பவருக்கு அது இன்னும் கவனமாக.

---

மின்மினி

இரண்டு பேருக்கும் நன்றி. இரவில் மூன்று தடவை எழுகிறார், அதைப் புராஸ்டேட் என்றே நினைத்திருந்தோம். எழுந்து போகும் வழியில்தான் விழுந்துவிடுவாரோ என்று பயம். விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

---

வெண்தும்பை

முதலில் சுகர். நீங்கள் சொல்வது வயிறு மெதுவாகக் காலியாவதற்கான வர்ணனை. இன்சுலின் தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்குகிறது. சாப்பாடோ இன்னும் இரைப்பையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒரு மணி நேரத்தில் 62. இன்சுலினின் வீரியம் அடங்கிய பிறகு சாப்பாடு குடலுக்கு இறங்குகிறது, நள்ளிரவில் 280. இதைப் பார்த்துவிட்டு இரவு இன்சுலினைக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. எண் மட்டும் போதாது, சாப்பிட்ட நேரம், ஊசி போட்ட நேரம், 1, 2, 4 மணி நேர அளவுகள் எல்லாம் ஒரே வரியில் ஐந்து நாள் எழுதிக் கொடுங்கள். ஊசியைச் சாப்பிட்ட பின் போடுவதா, இரண்டாகப் பிரிப்பதா, வகையை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்ய அது போதும்.

உறுதி செய்ய 4 மணி நேர இரைப்பை ஸ்கேன் உண்டு. 4 மணி நேரம் கழித்தும் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம். சோதனை அன்று சுகர் மிக அதிகமாக இருந்தால் அதுவே வயிற்றை மந்தமாக்கி முடிவைக் குழப்பும். அதற்கு முன் எண்டோஸ்கோப்பியில் அடைப்பு ஏதும் இல்லை என்று பார்த்துவிடுவார்கள்.

உணவில் செய்யக்கூடியது: மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரிப்பது, கொழுப்பைக் குறைப்பது. நார்ச்சத்து விஷயத்தில் வழக்கமான நீரிழிவு அறிவுரை இங்கே தலைகீழாகிறது. நாரும் தோலும் விதையும் இரைப்பையில் திரண்டு கட்டியாகவே ஆகிவிடலாம். குழைய வேகவைத்தது, மசித்தது, திரவமானது நல்லது; திட உணவு தேங்குகிறவர்களுக்கும் திரவம் பெரும்பாலும் இறங்கிவிடும். சாப்பிட்டதும் ஒன்றிரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது: சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் இவருக்கு பி.பி-யும் விழும், அதிலும் மாவுச்சத்து நிறைந்த பெரிய சாப்பாட்டுக்குப் பின். ஆகவே உட்கார்ந்திருக்கட்டும், நடப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

இரைப்பையை வேகமாகக் காலியாக்க மெட்டோக்ளோப்ரமைடு எழுதிக் கொடுத்தால், 12 வாரத்துக்கு மேல் தொடர்வது நல்லதல்ல என்பதை நினைவில் வையுங்கள். வாய், நாக்கு தானாக அசையும் கோளாறு வரலாம், வந்தால் போகாமலும் இருக்கலாம். டோம்பெரிடோன் என்றால் முதலில் ஒரு ஈசிஜி. எடை குறைப்புக்கும் சுகருக்கும் வாரம் ஒருமுறை போடும் சில புதிய ஊசிகள் இரைப்பையை மேலும் மெதுவாக்கும். யாராவது பரிந்துரைத்தால் வயிற்றுப் பிரச்சினையைச் சொல்லுங்கள்.

அறிகுறி இல்லாமல் 62-க்கு இறங்குவதுதான் எனக்கு இதில் மிகக் கவலை தருவது. வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் இதே நரம்புகள் அடிக்கும் மணி. மணி பழுதாகிவிட்டால் முதல் அறிகுறியே குழப்பமாகவோ மயக்கமாகவோ இருக்கும். உடம்பில் ஒட்டும் சென்சாரில் எச்சரிக்கை ஒலியை 70-ல் வைக்காமல் 80-ல் வைக்கலாமா என்று கேளுங்கள். இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறு அளவு. கட்டாயம் திரவமாக, இல்லாவிட்டால் குளுக்கோஸ் ஜெல்லாக. சாக்லேட், பிஸ்கட் இரண்டும் இந்த வயிற்றில் தேங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் ஒரு முறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை உணர்வு ஓரளவு திரும்பி வருவதும் உண்டு.

அதற்காக ஹெச்பிஏ1சி-யை (மூன்று மாத சராசரி சுகர்) அவசரமாக இறக்கவும் கூடாது. 3 மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் வேகமாகக் குறைத்தால் நரம்பு வலியும் தன்னியக்கக் கோளாறும் புதிதாகவே கிளம்பலாம். மெல்ல, நிலையாக.

இப்போது விழுவதைப் பற்றி. கட்டிலோரம் சிறுநீர்க் குவளை வையுங்கள், இரவில் உட்கார்ந்தே கழிக்கட்டும். கண்மணியும் இருட்டுக்கு மெதுவாகத்தான் பழகும் என்பதால் தரை மட்டத்தில் ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். மலம் கழிக்க முக்குவது, வெந்நீர்க் குளியல், கைகளைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை மூன்றும் பி.பி-யை இறக்கும். குளியலறையில் ஒரு நாற்காலி, தாழ்ப்பாள் போடாத கதவு.

கண் இருட்டுகிறது, கழுத்தும் தோளும் கோட்டு மாட்டும் கொக்கி வடிவில் வலிக்கிறது என்றால் அது முன்னறிவிப்பு. நின்ற இடத்திலேயே கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் உடனே உட்காரட்டும். சரிந்துவிட்டால் தூக்கி நிறுத்தாதீர்கள், நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் போகாததால்தான் விழுந்தார். நிமிர்த்திப் பிடித்தால் அதே நிலை நீளும். தட்டையாகப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். ஓரிரு உதறல் வரலாம், அது வலிப்பு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளியும். தெளியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுகர் பார்த்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தலை அடிபட்டிருந்தாலும் மருத்துவமனைதான்.

இன்னொன்று: மாரடைப்பு இவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். காரணமில்லாத மூச்சிரைப்பு, திடீர் அசதி, வாந்தி உணர்வு வந்தால் "கேஸ்" என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுங்கள். புதிதாக உடற்பயிற்சி தொடங்குவதற்கு முன்னும் இதயப் பரிசோதனை வேண்டும்.

---

கரையோரம்

சிறுநீர்ப்பையை யாரும் தொடவில்லை, சேர்த்துவிடுகிறேன். நிறைந்ததே தெரியாமல் போகலாம். அதனால் உணர்ச்சிக்குக் காத்திராமல் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் போவது, போன பின் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி முயல்வது. கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஸ்கேனில் அளந்து பாருங்கள். டாம்சுலோசின் தொடர வேண்டுமா என்ற கேள்விக்கும் அந்த எண் உதவும். கிருமித்தொற்று எரிச்சல் இல்லாமலும் வரலாம். திடீர்க் குழப்பம், நாற்றம், கலங்கல் இருந்தால் பரிசோதனை.

வெயிலும் முக்கியம். கால், உடம்பு வியர்க்காமல் முகமும் மார்பும் மட்டும் கொட்டும். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்றாது. ஈரத்துணி, மின்விசிறி, நீர்த் தெளிப்பு. வியர்வையற்ற பாதம் வறண்டு வெடிக்கும், தினமும் பார்த்து ஈரப்பதக் களிம்பு தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.

---

நாடிமானி

"சோம்பல்" என்ற சொல்லுக்கு: சொல்பவரை அழைத்து, அவர் கையாலேயே அப்பாவின் பி.பி-யைப் படுத்தும் நின்றும் அளக்கச் சொல்லுங்கள். 158-லிருந்து 106-க்கு ஒருவர் மூன்று நிமிடத்தில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர் அந்தச் சொல்லை மறுபடி எடுப்பது கடினம். நிற்கும்போது அவர் பேச்சு தடுமாறுவதும், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வதும் மூளைக்கு ரத்தம் குறைவதால். முக்கியமான எதையும் நிற்கவைத்துப் பேசாதீர்கள்.

கைப்பிள்ளையாக்காமல் இருக்க, வேலையைப் பறிக்காமல் நேரத்தை மாற்றுங்கள். கனமான வேலைகள் காலை 10 மணிக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன், தண்ணீர் குடித்த ஒரு மணி நேரத்துக்குள். நின்று செய்வதை உயரமான முக்காலியில் உட்கார்ந்து செய்யட்டும். பதிவேட்டை அவரே எழுதட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும். "எப்படி இருக்கு?" என்று மணிக்கொருமுறை கேட்பது அவரை நோயாளியாக்கிவிடும், "இப்போ எழுந்தா துணை வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டால் முடிவு அவர் கையில் இருக்கும். ஆண்மைக் குறைவும் இந்த நோயின் பகுதிதான். பிள்ளைகளிடம் சொல்லமாட்டார்கள். மருத்துவரோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்கான மாத்திரைகளும் பி.பி-யை இறக்கும், நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மருந்துடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் தானாக வாங்கக் கூடாது என்பதை மருத்துவர் வாயால் கேட்பது நல்லது.

சட்டைப்பையில் ஒரு அட்டை: நோயின் பெயர், படுத்த, நின்ற பி.பி, மருந்துகள், "சுகர் இறங்கினால் வியர்க்காது", "விழுந்தால் படுக்கவைக்கவும்". அறுவை சிகிச்சை எதுவானாலும் மயக்க மருந்து கொடுப்பவர் அதைப் படித்தாக வேண்டும். மயக்கத்தின்போது இவர்களுக்கு பி.பி எதிர்பாராமல் சரியும், வயிறு காலியாகாததால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயமும் அதிகம். பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். அந்த நாற்காலியில் அரை மணி நேரம் சாய்ந்து கிடந்துவிட்டுச் சட்டென்று இறங்குவது கட்டிலிலிருந்து எழுவதற்குச் சமம். முதுகுப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, மூன்று நிமிடம் உட்காரவைத்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.